பட்டை முந்திரியும் நாற்பத்தெட்டு நாளும்

எனக்குக் கோபம் வந்தால் தெருக்கோடி வரை கேட்கும். ஈப்போவில் ஒரு லாரி கம்பெனியில், நேரத்துக்குச் சரக்கு கொண்டு போகாத ஓட்டுநர்களைத் தொலைபேசியில் விரட்டுவது என் வேலை. இருபது வருடம் அதைச் செய்ததில் தொண்டை அப்படி ஆகிவிட்டது. இப்படிப் படபடவென்று பேசுகிறவளுக்குப் பொய் வராது என்று பலர் நினைக்கிறார்கள். வரும். நன்றாகவே வரும். ஒரே பொய்யை ஆறு கிறிஸ்துமஸுக்குச் சிரித்த முகத்தோடு சொன்னவள் நான்.

அதே ஊர் சிலிபின் பகுதியில் எங்களுடையது வரிசை வீடு. பக்கத்து வீட்டு அக்கா தையல்காரர்; கல்யாண சீசனில் பாதி ஊர் ரவிக்கை அவர் மெஷினில்தான் கிடக்கும். என்னை விட எட்டு வயது மூத்தவர். எங்கள் இரண்டு வீட்டு முன்வாசலுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர் ஒன்று உண்டு. எங்கள் சிநேகிதம் முழுக்க அந்தச் சுவரில் கையூன்றி வளர்ந்தது. இருவருமே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். நான் பிறந்த தோட்டம் இப்போது எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம், அவர் பிறந்த தோட்டம் வீடமைப்புப் பகுதி. அதற்காக நாங்கள் உட்கார்ந்து அழுவதில்லை. அங்கே அட்டையும் கொசுவும் எப்படிக் கடித்தன என்று இருவருக்குமே ஞாபகம் இருக்கிறது.

அவர்கள் இந்து, நாங்கள் கிறிஸ்தவர்கள். தீபாவளிக்கு அவர் வீட்டு முறுக்கும் நெய் உருண்டையும் சுவர் தாண்டி வரும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுத் தட்டு சுவர் தாண்டிப் போகும்.

அங்கேதான் ஒரு சிக்கல். அக்கா வருடம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவர். சின்ன மகனுக்கு மூன்று வயதில் நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தபோது நேர்ந்துகொண்டது. பையன் இப்போது ஆறடி வளர்ந்து, காலில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடக்கிறான். அக்கா இன்னும் எடுக்கிறார். அதற்கு நாற்பத்தெட்டு நாள் விரதம்: கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. எங்கள் கிறிஸ்துமஸ் பெரும்பாலும் அந்த நாற்பத்தெட்டுக்குள் வந்து விழுந்துவிடும். நான் கொண்டுபோகும் தட்டில் இருக்கிற கேக், பிஸ்கட் எல்லாவற்றிலும் முட்டை. அக்கா அதையெல்லாம் பிள்ளைகள் பக்கம் தள்ளிவிட்டு, சிவப்பு மூடி போட்ட போத்தலை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். அதில்தான் பட்டை முந்திரி இருக்கும். முந்திரியும் பாதாமும் கலந்து, மேலே சீனியும் கருவாப்பட்டைத் தூளும் பொரபொரவென்று ஒட்டியிருக்கும். மூடியைத் திறந்தாலே வாசனை கூடத்துக்கு வரும்.

"இதுல முட்டை இல்லல்ல?" என்று கேட்பார்.

"கடலைக்கு எதுக்குக்கா முட்டை? நானே செஞ்சது, எனக்குத் தெரியாதா?" என்பேன்.

செய்தது நான் இல்லை. பக்கத்து ஊரான காம்பாரில் ஓர் அம்மா ஆர்டர் எடுத்துச் செய்து கொடுப்பார். நான் போய் வாங்கி வந்து, அவர் டப்பாவிலிருந்து என் போத்தலுக்கு மாற்றி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுவேன். முதல் வருடம் அக்கா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "அம்மாடி, நீ செஞ்சதா? கைமணம்லா!" என்று கண்ணை மூடியபோது, என் வாய் தானாக "ஆமா" என்றது. என்னை அதுவரை யாரும் கைமணம் என்று சொன்னதில்லை. என் சாம்பாரைப் பார்த்து என் கணவர் சொல்லும் அதிகபட்சப் பாராட்டு, "பரவால்ல, சூடா இருக்கு". ஆகவே அந்த "ஆமா" அப்படியே நின்றுவிட்டது. அடுத்த வருடம் அதற்குத் துணையாக "நானே செஞ்சது" சேர்ந்தது. மூன்றாம் வருடம், பட்டையை வெயிலில் காயவைத்து இடிக்க வேண்டும் என்று அக்காவுக்கு விளக்கம் வேறு கொடுத்தேன்.

போன டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் அக்கா சுவரில் சாய்ந்துகொண்டு, "ஏய், உன் முந்திரிய எனக்குச் சொல்லிக் குடேன்" என்றார். தைப்பூசத்தன்று சாலையோரம் தண்ணீர்ப் பந்தல் போட்டு மோரும் பலகாரமும் கொடுக்கும் பெண்கள் குழுவில் அவரும் ஒருவர். "எப்பப் பாத்தாலும் சுண்டல்தான். இந்த வருஷம் உன்னுது செய்யலாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். விரதக்காரங்க தாராளமா திங்கலாம், முட்டை கிட்டை ஒண்ணும் இல்ல பாரு."

"அதுக்கென்னக்கா, சனிக்கிழமை வாங்க" என்றேன். முகம் சிரித்தது.

உள்ளே போனதும் காம்பார் அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். தோள்வலியால் அந்த வருடம் ஆர்டர் எடுப்பதை நிறுத்தியிருந்தார். செய்முறையைக் கேட்டதும் தாராளமாகவே குரல் பதிவு அனுப்பினார். "ஒண்ணும் கஷ்டம் இல்லம்மா. ரெண்டு முட்டையோட வெள்ளைக்கருவ நல்லா நுரைக்க அடிச்சிருங்க. அதுலதான் சீனியும் பட்டையும் புடிக்கும். அப்புறம் ஓவன்ல வையுங்க. வெள்ளைக்கரு இல்லன்னா அந்தப் பொரபொரப்பு வரவே வராது."

பதிவை மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் வெள்ளைக்கரு இருந்தது.

எனக்கு முட்டை என்பது காலைப் பசியாறல், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சமையல்கட்டில் நின்று விரல்விட்டு எண்ணினேன். ஆறு விரதம். மகன் உயிருக்காக எடுத்த விரதம். அதன் நடுவில், என் வாய்ச்சொல்லை நம்பி, கைப்பிடி கைப்பிடியாக முட்டை.

வீடு வீடாக ஏர்கோன் பழுது பார்க்கும் வேலை முடிந்து வந்த என் கணவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் கதையைக் கேட்டார். நெடுநேரம் யோசித்து, "வெள்ளைக்கருதானே, மஞ்சக்கரு இல்லையே?" என்றார். நான் பார்த்த பார்வையில் எழுந்து போய், கதவருகே நின்று, "போய்ச் சொல்லிரு. வேற வழி இல்ல" என்றார்.

"சொல்லிட்டு? அப்புறம் அந்தச் சுவத்துப் பக்கம் நான் எப்படி நிப்பேன்?"

எனக்கு வேறு வழி தெரிந்தது. முட்டையில்லாமல் செய்யும் முறை எப்படியும் இருக்கும். அதைக் கற்றுக்கொண்டு, இதுதான் எப்போதும் செய்வது என்று சொல்லிக் கொடுத்துவிட்டால், பழையது பழையதோடு போகும். யாருக்கும் தெரியாது. அடுத்த நாளிலிருந்து வேலை முடிந்து வந்ததும் கைப்பேசியில் ஏதேதோ வீடியோக்களைப் பார்த்து, சீனிப் பாகில் முந்திரியைக் கிண்ட ஆரம்பித்தேன்.

முதல் நாள், பாகு தண்ணியாக இருக்கும்போதே இறக்கிவிட்டேன். முந்திரி நமத்துப்போய்ப் பாயசத்தில் கிடந்தது போல வந்தது. மறுநாள், கிண்டாமல் விட்டுத் தொலைபேசியை எடுத்தேன். தைப்பிங் பக்கம் லாரி ஒன்று பழுதாகி நின்றிருந்தது. அந்த ஓட்டுநரை நான் திட்டி முடிப்பதற்குள் சட்டியில் எல்லாம் ஒரே பாளமாக இறுகிவிட்டது. என் கணவர் சுத்தியலைக் கொண்டு வந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் பட்டைத் தூளை முதலிலேயே கொட்டினேன். அது கருகி, வீடெல்லாம் மணத்து, வாயில் வைத்தால் கசந்தது. அன்றைக்குக் கரண்டியை எறிந்தேன். கரண்டி பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் சரியாக விழுந்ததில் ஒரு சின்ன ஆறுதல்.

சனிக்கிழமை காலையில் அக்கா வந்தார். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். கையில் தன் வீட்டு அடிகனமான சட்டி. என் சட்டியைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் எப்போதும் இருந்ததில்லை. நான் பெரிய வாத்தியார் மாதிரி, "ஒரு கப்பு சீனி, கால் கப்பு தண்ணி" என்று ஆரம்பித்தேன். ஐந்து நிமிடத்தில் கரண்டி அவர் கைக்குப் போய்விட்டது. பாகு பதம் பார்க்கத் தெரிந்த கைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முந்திரியையும் பாதாமையும் கொட்டிக் கிண்டிக்கொண்டே இருந்தார். பாகு சுண்டி, திடீரென்று எல்லாம் மணல் மணலாக வெளுத்துப் பூத்தது. நான் அடுப்பை அணைக்கப் போனேன்.

"கைய எடு. இனிமேதான் இருக்கு. அடுப்பச் சின்னதா வையி" என்றார்.

விடாமல் கிண்டினார். வெளுத்த சீனி மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக இளகி, பருப்பின்மேல் பளபளப்பாக ஏறியது. அப்போதுதான் ஒரு சிட்டிகை உப்பும் பட்டைத் தூளும் போடச் சொன்னார். இரண்டு பிரட்டுப் பிரட்டி, எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் முள்கரண்டியால் பிரித்தோம். நான் பல நாள் திண்டாடிய வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. வீடு மணத்தது. ஜன்னல் வழியாக எதிர்வீட்டுச் சீனத்து ஆண்ட்டி கூட எட்டிப் பார்த்தார்.

ஆறியதும் அக்கா ஒன்றைக் கடித்தார். மெதுவாக மென்றார். "நல்லாருக்கு. ஆனா இது உன்னுது மாதிரி இல்லையே. உன்னுதுல மேல பொரபொரன்னு ஒண்ணு இருக்கும்லா. அதுக்கு என்னா போடுவ?"

கைமணம் என்று ஒரு சொல் போதும், தப்பித்துவிடலாம். சட்டி வேறே, அடுப்பு வேறே, எதையாவது சொல்லலாம். பொய் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. ஆனால் அவர் என்னைச் சந்தேகமே இல்லாமல், கற்றுக்கொள்ள வந்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

"முட்டை வெள்ளைக்கருக்கா" என்றேன். "நான் செஞ்சது இல்ல. ஆறு வருஷமும் காம்பார்ல வாங்குனது. முட்டை இருக்குன்னு எனக்கே இந்த வாரம்தான் தெரியும். ஆனா தெரியாமயே இல்லன்னு சொன்னேன்க்கா."

அக்கா கையில் இருந்த பாதி முந்திரியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். கையைக் கழுவினார். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார். தன் சட்டியை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டு எனக்குப் பழகின பாஷை.

மறுநாள், செய்த முந்திரியில் பாதியைத் தட்டில் போட்டு என் கணவரிடம் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் தட்டு சுவர்மேல் இருந்தது. கழுவித் துடைத்து, காலியாக. எங்கள் ஆட்களிடையே பக்கத்து வீட்டுத் தட்டு காலியாகத் திரும்பாது. வீட்டில் ஒன்றுமே இல்லையென்றால் கூட ஒரு கரண்டி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். அந்தப் பளபளக்கும் தட்டைப் பார்த்து நான் வாசலில் நின்றே அழுதேன். அந்த வாரம் முழுக்க லாரி ஓட்டுநர்கள் என்னிடம், "என்னாக்கா, உடம்பு சரியில்லையா? திட்டவே மாட்டேங்கிறீங்க" என்று விசாரித்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா வந்து நின்றார்.

"முட்டைய நான் முருகன்கிட்ட சொல்லிட்டேன்" என்றார். "தெரியாமத் தின்னது. அவரு பாத்துக்குவாரு. எனக்கு வயித்தெரிச்சல் அது இல்ல. நீ கடையில வாங்குனேன்னு சொல்லியிருந்தா நான் தொட்டே இருக்கமாட்டேன். நீ செஞ்சேன்னு சொன்னதாலதான் தின்னேன். தெரியுதா?"

தெரிந்தது. ஈரத்துணியோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"திங்கக்கிழமை எனக்கு விரதம் ஆரம்பம். நீயும் இரு. நாப்பத்தெட்டு நாளு."

"அக்கா... நடுவுல கிறிஸ்துமஸ் வருதே."

"வருதுன்னு தெரிஞ்சுதான் சொல்றேன். நீ சாமி கும்புட வேணாம், உன் சர்ச்சுக்கே போ. வாய மட்டும் கட்டு. நான் உன்ன வேவு பாக்கமாட்டேன். என்ன தின்னேன்னு நீயா வந்து சொல்லணும். நீ சொல்றத நான் மறுபடி நம்ப முடியுதான்னு பாப்போம்."

அப்படித்தான் ஆரம்பமானது. தினமும் வேலை முடிந்து வந்து சுவரோரம் நின்று, காலையில் இட்லி, மதியம் கீரையும் ரசமும், சாயங்காலம் தோசை என்று ஒப்பிப்பேன். அக்கா மெஷினை ஓட்டிக்கொண்டே ஜன்னல் வழியாக "ம்" என்பார். வேறு பேச்சு கிடையாது. ஆபீசில் பக்கத்து மேசை மலாய்க்காரச் சிநேகிதி நெத்திலியும் முட்டையும் வைத்த நாசி லெமாக் பொட்டலத்தை நீட்டியபோது வேண்டாம் என்றேன். "உனக்கும் இப்ப புவாசாவா? நீ கிறிஸ்தவம்தானே?" என்று குழம்பினாள். பக்கத்து வீட்டு அக்காவுக்காக நோன்பு என்றேன். அவள் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டில் ஆட்டுக்கறிப் பிரட்டல், கோழி வறுவல். போதாததற்கு கடலோர ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து என் நாத்தனார் ஒரு கூடை நண்டோடு வந்து இறங்கினாள். உயிரோடு இருக்கிற நண்டு, கொழுத்த நண்டு. நான் சமைத்தேன், வாயில் வைக்கவில்லை. உப்புப் பார்க்கும் பொறுப்பு என் கணவருக்கு. எதைக் கொடுத்தாலும் "பரவால்ல, சூடா இருக்கு" என்றார். கறியில் உப்பு ஒன்றுக்கு இரண்டாக விழுந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. விருந்தாளிகள் மரியாதையாகத் தண்ணீர் குடித்தார்கள். மதியம் அக்கா ஒரு தூக்கில் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் கொண்டு வந்தார். என்னைக் கூட்டத்திலிருந்து இழுத்துப் போய் அடுப்படியில் உட்கார வைத்து, இரண்டு தட்டில் போட்டார். நண்டு ஓடு உடையும் சத்தம் கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. நான் பெருமூச்சு விட்டேன். அக்கா முதல்முறையாக உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

முப்பத்தோராம் நாள் ஆபீசில் யாருக்கோ பிறந்தநாள். தேநீர் நேரத்தில், சோமாசி மாதிரி மடித்துப் பொரித்த கறிபாப் வந்தது. உள்ளே உருளைக்கிழங்குதான் என்றார்கள். பசி, பேசிக்கொண்டே கடித்தேன். இரண்டாவது கடியில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு துண்டு முட்டை எட்டிப் பார்த்தது. அந்த முட்டையின் மறுபாதி முதல் கடியிலேயே வயிற்றுக்குள் போய்விட்டிருந்தது. மேசையைச் சுற்றி ஐந்து பேர். ஒருவர் கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவர்களுக்கு அது வெறும் கறிபாப். முப்பது நாள் கட்டிய வாய், இன்னும் பதினேழு நாள்தான். சொல்லாவிட்டால் போயிற்று.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அதே யோசனை. காரை நிறுத்தி, பையைக் கூட உள்ளே வைக்காமல் சுவருக்குப் போனேன். "அக்கா, இன்னைக்கு முட்டை தின்னுட்டேன்" என்றேன்.

மெஷின் நின்றது. அக்கா வெளியே வந்தார். "எங்க?"

"கறிபாப்ல இருந்துச்சு. பாதி முழுங்கின பெறகுதான் பாத்தேன்."

"யாரு பாத்தா?"

"யாரும் பாக்கலக்கா."

அக்கா என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "போய்த் தலைக்குக் குளி" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "குளிச்சிட்டு விட்ட எடத்துலேருந்து எண்ணு. தெரியாமத் தின்னதுக்கு எனக்கு என்ன நாயமோ அதேதான் உனக்கும்." போகத் திரும்பியவளைக் கூப்பிட்டு, ஒரு கிண்ணம் கேசரியைச் சுவர்மேல் வைத்தார்.

பந்தலுக்கான முந்திரியை அக்கா வீட்டில் செய்தோம். முட்டையில்லாமல், அந்த அடிகனமான சட்டியில், நான்கு ஈடு. தைப்பூசத்தன்று அக்கா விடியற்காலையிலேயே மஞ்சள் புடவையோடு போய்ப் பால்குடத்தைச் செலுத்திவிட்டு, மத்தியானம் பந்தலுக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தார். வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்து பாதம் சிவந்திருந்தது. நான் மேசைக்குப் பின்னால் நின்று மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் குழுவில் கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு நின்றவள் நான் ஒருத்திதான்.

மஞ்சள் வேட்டி கட்டிய ஒரு பெரியவர், இன்னும் காவடி தூக்கப் போகாதவர், தட்டைப் பார்த்துத் தயங்கி நின்றார். என் கழுத்துச் சங்கிலியைப் பார்த்தாரோ என்னவோ, அக்காவிடம்தான் கேட்டார். "இது என்னா பலகாரம்மா? முட்டை கிட்டை ஏதும் சேந்திருக்கா? நான் இன்னும் விரதத்துல இருக்கேன்."

அக்கா குனிந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை.

"அவளக் கேளுங்கண்ணே. அவ இல்லன்னு சொன்னா இல்லதான்."

பெரியவர் என் பக்கம் திரும்பினார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, "இல்லைங்கண்ணே" என்றேன்.